வெள்ளிக்கு விட்டவை

திங்கள் தண்ணீர்.
செவ்வாய் கழிவுநீர், மின்சாரம், மீன்பிடி எல்லை.
புதன் சோதனைச் சாவடியில் மறித்த ஆம்புலன்ஸ்.
வியாழன் வரிப்பணம்.
மிச்சமெல்லாம் வெள்ளிக்கு.
எருசலேம் வெள்ளிக்கு. அகதிகள் வெள்ளிக்கு.
குன்றுகளில் முளைத்த வீடுகள் வெள்ளிக்கு.

வேவேயில், ஏரியைப் பார்த்த இந்த ஹோட்டலில்
பதினொரு நவம்பராய் நான்தான் இவர்களுக்கு மேசை போடுகிறேன்.
இருபத்திரண்டு கதிரை,
வாயு உள்ள தண்ணீர், வாயு இல்லாத தண்ணீர்.
கூட்டம் நடத்தும் சப்பூயி நல்ல மனிதர்.
இரண்டு பக்கமும் வெயில் சமமாக விழுகிறதா என்று
திரைச்சீலையை இழுத்து இழுத்துப் பார்ப்பார்.
வெயில் என்னவோ சமமாகத்தான் விழுந்தது.
ஒரு பக்கத்தார் தங்கள் விமான நிலையத்தில் ஏறி
மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்கள்.
மறுபக்கத்தார் பாலம் கடந்து, அம்மானில் படுத்து,
இரண்டாம் நாள் இரவு,
பிரித்துக் கொட்டி அள்ளிப்போட்ட பெட்டிகளோடு.

வரைபடம் விரிப்பதும் என் வேலை.
ஒரு குடியேற்றத்துக்கு ஒரு நீலக் குண்டூசி.
குடியேற்றம். இந்தச் சொல்லை
எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.
முதல் வருடம் ஒரு பெட்டி போதுமாயிருந்தது.
இந்த வருடம் மூன்று.
அவர்கள் பேசப் பேச நான் குத்திக்கொண்டிருந்தேன்.

நோகா நிலத்தடி நீர் படித்தவள், பெயர்ஷெபாக்காரி.
பேச்சு நல்லபடி போகிறது என்று வானொலி சொன்ன வாரத்தில்
அவள் தம்பி ஏறிய பேருந்து
அடுத்த தரிப்பிடத்துக்கு வரவில்லை.
அதிலிருந்து நல்ல செய்தி கேட்டால்
பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பமாட்டாளாம்.

இரண்டு கதிரை இம்முறை வெறுமை.
போன வருடம் சிரித்துப் படமெடுத்த இருவர்.
ஊர் திரும்பியபோது வீட்டுச் சுவரில்
ஒருவருக்கு அரபியில், ஒருவருக்கு ஹீப்ருவில், துரோகி.
அந்தச் சொல்லும் எனக்குத் தெரியும்.

வியாழன் இரவு, சமையலறைப் பின்வாசல்,
ஒரு லைட்டருக்கு மூன்று சிகரெட்.
துல்கரிமின் நில அளவையாளர் லமீஸ் கேட்டாள்:
"உங்கள் சண்டையை யார் தீர்த்து வைத்தது?"
"ஒருவருமில்லை" என்றேன். "நடுவில் நோர்வே வந்தது."
இருவரும் ஒரே நேரம் சிரித்தார்கள்.
நோகாவுக்குப் புரையேற, லமீஸ் முதுகில் தட்டினாள்.
பிறகு மூன்று பேரும் நெருப்பைக் காலால் நசுக்கினோம்.
பிறகு என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால், எங்களுக்கும் ஒரு வெள்ளி இருந்தது என்றிருப்பேன்.

வெள்ளியில் எத்தனை மணி இருக்கிறது என்று
பதினொரு வருடத்தில் ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை.
பதினொன்றுக்கு அறைகளைக் காலி செய்ய வேண்டும்.
நண்பகல் ஒருவருக்குத் தொழுகை.
ஐந்துக்குள் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும்,
மற்றவருக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும்.
ஆறுக்கு மண்டபம் ஒரு கல்யாணக் கோஷ்டிக்கு.
கழித்தால் எருசலேமுக்கு நாற்பது நிமிடம்.
அதில் பத்து, "முதலில்" என்ற சொல்லில் போயிற்று.
முதலில் ராணுவம் போகட்டும்.
முதலில் ஆயுதம் போகட்டும்.
காப்பி ஆறிற்று. யாரும் குடிக்கவில்லை.

தொடர்ந்து பேசுவதென்று ஒப்புக்கொண்டார்கள்.
தட்டை இடுப்பில் அணைத்து நானும் கைதட்டினேன்.
இந்த அறையில் கையெழுத்திட்ட யாருக்கும்
ஒரு குண்டூசியைப் பிடுங்க அதிகாரம் கிடையாது.
பிடுங்கக்கூடியவர்கள் வேவேக்கு வருவதில்லை.

பூக்காரர்கள் வாளிகளோடு வாசலில் நின்றார்கள்.
மேசை வேண்டும் என்றார்கள்.
எல்லாவற்றையும் நானே பிடுங்கினேன்.
இருபது நிமிடம் கூட ஆகவில்லை.
தாளைத் தூக்கி ஜன்னலில் பிடித்தபோது
துளை துளையாய் ஏரி தெரிந்தது.

சுருட்டிக் கட்டி அலுமாரிக்குள் வைத்தேன்.
அடுத்த வருடத்துக்கு வாங்க வேண்டிய பட்டியலில் எழுதினேன்:
குண்டூசி, நீலம், நாலு பெட்டி.